சாப்பிட்டுவிட்டு வாருங்கள்

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள்.

கனமான கண்ணாடிக் கட்டை. அதில் என் பெயர், அதற்குக் கீழே 'சிறந்த ஊழியர் தகவல் தொடர்பு'. கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள், க்ரூப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவைப் பார்த்த என் மனைவி, "ஏன் திருடி மாட்டிக்கிட்ட மாதிரி முழிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

இருபது வருடம் கூட வாழ்ந்தவளை ஏமாற்ற முடியுமா? எந்தக் கடிதத்துக்காக அந்த விருதோ, அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை.

மேடையிலேயே சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். அடக்கமாம்! இரண்டாவது முறை சொன்னேன். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் இந்த வாரம் உங்களிடம் வந்திருக்கிறேன். நீங்களாவது நம்புங்கள்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி. கம்பெனி தன் ஊழியர்களுக்குச் சொல்ல நினைப்பதை எழுதிக் கொடுப்பது என் வேலை. லீவு விதி மாறினாலும், பஸ் நேரம் மாறினாலும், கேன்டீன் கான்ட்ராக்டர் மாறினாலும் சர்க்குலர் என்னிடமிருந்துதான் போகும். ஊழியர்கள் அதைப் படிக்காமல் டிலீட் செய்வார்கள். எட்டு வருடமாக இந்த ஏற்பாடு யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்து வந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் சிக்கல் வந்தது.

எங்கள் கம்பெனிக்கு மல்லாபூரில் ஒரு ஆலை இருக்கிறது. உலோக பாகங்களைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு அனுப்புகிற இடம். வருடத்துக்கு ஒருமுறை அங்கே எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். இந்த முறை எடுத்ததில் பதினொரு பேருடைய படம் டாக்டருக்குத் திருப்தியாக இல்லை. மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். அதிலும் ஒருவர் விஷயத்தில் தாமதம் வேண்டாம் என்று தனியாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஒருவரை யாதகிரி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரை மாற்றியிருக்கிறேன். கிரைண்டிங் செக்‌ஷனில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர். சில மாதங்களாக இருமல். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

பதினொரு பேருக்கும் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. விடுவேனா? ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். 'தங்களது உடல்நலப் பயணத்தில் நிர்வாகம் என்றும் துணை நிற்கிறது' என்று ஆரம்பம். 'பயணம்' என்ற சொல்லுக்காக ஒரு மாலை முழுவதும் யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? நடுவில் கேள்வி - பதில் பகுதி. முடிவில், மேற்கண்ட பரிசோதனைக்கு வரத் தவறினால் நிர்வாகம் உரிய நடவடிக்கை எடுக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறது என்று ஒரு வாக்கியம். அது சட்டப் பிரிவின் அன்பளிப்பு. தெலுங்கிலும் ஹிந்தியிலும் மொழிபெயர்க்க வைத்தேன். மூன்று மொழி, ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம். சாதாரணத் தாளில் அடித்தால் மரியாதையாக இருக்காது என்று அடம்பிடித்து, தடித்த க்ரீம் கலர் தாளில் அடித்து, நீளமான வெள்ளைக் கவரில் போட்டு அனுப்பினேன்.

கேட்டில் செக்யூரிட்டி வழியாகக் கவர்கள் போய்ச் சேர்ந்தன. என் கம்ப்யூட்டரில் பதினொரு பச்சை டிக். அன்று சாயந்திரம் ஹப்சிகுடா மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது மனசு நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை.

இரண்டாவது தேதி கொடுத்தோம். எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். அதற்கும் யாரும் வரவில்லை. யாதகிரி மெயின் கேட் பக்கமே வராமல் லாரி வருகிற பின்பக்க கேட் வழியாக உள்ளே போகிறார் என்று தெரிந்தது. டாக்டரிடமிருந்து மூன்றாவது போன் வந்தது. அந்த மனிதர் கோபப்படாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "நாள் போகப் போக மருந்து வேலை செய்யறது கஷ்டம். உங்க ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

புரியும்படி சொல்வதுதானே என் தொழில்! சுருக்கென்றது. கவரில் ஒட்டிய முகவரியில் தப்பா, தேதியில் தப்பா, என்னதான் ஆயிற்று என்று பார்த்துவிட மல்லாபூருக்கே கிளம்பிவிட்டேன்.

எட்டு வருடத்தில் அந்த ஆலைக்குள் நான் போனது அதுதான் இரண்டாவது முறை. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முதல் முறை போனது போட்டோ எடுக்க.

கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. வருகைப் பதிவு, ஷிஃப்ட் மாற்றம், லீவுச் சீட்டு எல்லாம் பார்க்கிற டைம் ஆபீஸ். அங்கே உட்கார்ந்திருந்தவர் மங்களா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருந்தார்.

நான் தெலுங்கில் திக்கித் திணறி அறிமுகம் செய்துகொண்டதும், "தமிழ்லயே பேசுங்க சார். நாங்களும் தமிழ்தான். மல்காஜ்கிரி" என்றார். பிரிட்டிஷ்காரன் காலத்தில் ஹைதராபாத்தின் அந்தப் பகுதிக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பமாம். அப்படியே தங்கிவிட்டார்கள். பேச்சில் தமிழும் தெலுங்கும் இந்த ஊர் ஹிந்தியும் ஒரே தட்டில் பரிமாறியது மாதிரி வரும். 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்பார். 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. 'எதுக்கு' என்பதற்கு 'கைக்கு'.

என் கடிதத்தைக் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"கைக்கு சார் இவ்ளோ எழுதியிருக்கீங்க?"

"விவரமா சொல்லணும்ல மேடம்..."

"ஹவ், விவரம்லாம் நெறைய இருக்கு. எழுதுறதுக்கு முன்னால குழாய்ல சொல்லிப் பாத்தீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. "பன்னண்டரை வரைக்கும் இருங்க, காட்டறேன்" என்றார்.

பன்னிரண்டரைக்கு சாப்பாட்டு சைரன். ஆட்கள் கை கழுவ வரிசையாகக் குழாய்கள் இருக்கும் இடத்துக்கு வந்தார்கள். மங்களா ஒரு நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றார். "அக்கா வந்துட்டாங்க, என்னமோ நோட்டீஸ் வரப்போகுது" என்று யாரோ தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்கள். அங்கே இது பழகிய விஷயம் போலிருக்கிறது.

அவருடைய முறை இதுதான். சொல்ல வேண்டியதை முதல் ஆளிடம் வாயால் சொல்வார். அந்த ஆள் கை கழுவிக்கொண்டே பக்கத்துக் குழாயில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதற்கடுத்தவரிடம். மூன்றாவது ஆள் என்ன புரிந்துகொண்டார் என்று திருப்பிச் சொல்ல, மங்களா அதைத்தான் நோட்டில் எழுதுவார். வழியில் எது விழுந்துபோகிறதோ அது யாருக்கும் தேவையில்லாதது. எது வேறுவிதமாக மாறிப்போகிறதோ, அங்கேதான் பயமோ சந்தேகமோ இருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிட்டு மறுபடி சொல்லிப் பார்ப்பார். மூன்றாவது ஆள் சரியாகச் சொல்லும் வரைக்கும் நோட்டீஸ் கிடையாது.

"மூணாவது ஆளு சொல்றதுதான் சார் நோட்டீஸ். மிச்சதுலாம் நாம நமக்காக எழுதிக்கிறது" என்றார்.

இந்தக் கம்பெனியிலும் இதற்கு முந்தைய கம்பெனிகளிலுமாக இருபத்திரண்டு வருடம் நான் எழுதிய சர்க்குலர்கள் எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. கருத்தரங்குக்கெல்லாம் போயிருக்கிறேன் ஐயா. ஊழியர்களிடம் பேசுவது எப்படி என்று குளிர்பதன அரங்கில் இரண்டு நாள் வகுப்பு. மத்தியானம் பிரியாணி. அங்கே ஒருத்தர்கூட இப்படி ஒரு வழி இருப்பதாகச் சொன்னதில்லை. இந்த அம்மா கை கழுவுகிற இடத்தில் நின்று, எந்த அலட்டலும் இல்லாமல் தினம் செய்துகொண்டிருக்கிறார்.

அன்று என் கடிதத்தின் சாரத்தைச் சொல்லிப் பார்த்தார். யார் பெயரும் சொல்லவில்லை. "எக்ஸ்ரே எடுத்ததுல சில பேருக்கு மறுபடி எடுக்கணும்னு கவர் வந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று முதல் ஆளிடம் சொன்னார். அவர் இரண்டாமவரிடம் கிட்டத்தட்ட அப்படியே சொன்னார். இரண்டாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மூன்றாமவரிடம் என்னவோ சொன்னார்.

மூன்றாமவர் குழாயை மூடினார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நெஞ்சு கெட்டுப்போனவங்க லிஸ்ட் எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரில போய் நின்னா அதான் சாட்சி. அப்புறம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

சுற்றி நின்றவர்கள் யாரும் மறுக்கவில்லை. குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மங்களாதான் விளக்கினார். பத்து வருடங்களுக்கு முன், நான் இந்தக் கம்பெனிக்கு வருவதற்கும் முன்னால், பேக்கிங் பிரிவை மூடியிருக்கிறார்கள். அன்றும் இதே கேட். இதே மாதிரி நீளமான வெள்ளைக் கவர். இதே மாதிரி செக்யூரிட்டியிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர்கள் மறுநாளிலிருந்து வரவில்லை. அதற்கப்புறம் மல்லாபூரில் நீள வெள்ளைக் கவர் என்றால் ஒரே அர்த்தம்தான். பதினொரு பேரில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லையாம். கவரைக் கையில் திணித்துவிட்டு செக்யூரிட்டியே 'டெலிவர்டு' என்று எழுதியிருக்கிறார். என் பச்சை டிக்குகளின் கதை அதுதான்.

யாதகிரி பின்பக்க கேட் வழியாக வந்தது என் கடிதத்துக்குப் பயந்து. நோய்க்கு அல்ல!

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"எழுதறது கஷ்டம் இல்ல சார். ஆறு வரி. ஆனா ஒரு வரி மட்டும் நான் போட முடியாது. நீங்கதான் மேல கேட்டு வாங்கிட்டு வரணும்."

எழுதிக் காட்டினார். தெலுங்கில்தான் எழுதினார். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

யாதகிரி அண்ணா,
உங்கள் எக்ஸ்ரேயில் ஓர் இடம் டாக்டருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.
இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.
முடிவு எதுவாக இருந்தாலும் உங்கள் வேலை போகாது.
வியாழன் காலை பத்து மணிக்கு மெயின் கேட்டில் வேன் நிற்கும், லீவு போட வேண்டாம்.
நானும் கூட வருகிறேன்.
சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.
மங்களா, டைம் ஆபீஸ்.

படித்தேன். மறுபடி படித்தேன். என் பன்னிரண்டு பக்கத்தில் இல்லாதது எல்லாம் இதில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

"அந்த மூணாவது வரி, வேலை போகாதுங்கறது, அதான் சார். அது இல்லாட்டி மிச்ச அஞ்சும் நக்கோ" என்றார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு வந்தேன். எங்கள் ஹெச்.ஆர். தலைவர் சுரேந்திரன் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். யாரையும் 'ங்க' போடாமல் பேசமாட்டார், திட்டும்போதுகூட. தாளை வாங்கிப் படித்தார். கையில் சிவப்புப் பேனா.

"நல்லாத்தான் இருக்குதுங்க. இந்தச் சாப்பாட்டு வரி எதுக்குங்க? ஆபீஸ் லெட்டர்ல போய்..."

இதை நான் மங்களாவிடமே கேட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். டெஸ்ட் என்றாலே வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று இவர்கள் நினைத்துக்கொள்வார்கள், போன வருடம் ஒருவர் கியூவில் மயங்கியே விழுந்துவிட்டார். அது ஒரு காரணம். இன்னொன்று... "வேலைய விட்டுத் தூக்கப்போற ஆளை யாராச்சும் சாப்ட்டுட்டு வாங்கன்னு சொல்வாங்களா சார்?"

சுரேந்திரன் அந்த வரியிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். ஆனால் மூன்றாவது வரிக்கு மேலே போய் அது நின்றது.

"இது முடியாதுங்க. இப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கலாமுங்களா? 'கம்பெனி விதிகளுக்கு உட்பட்டு'ன்னு சேர்த்துடுங்க. சேஃப்."

எட்டு வருடமாக இந்த இடத்தில் நான் "ஓகே சார்" என்று சொல்வது வழக்கம். அன்றும் வாய் வரைக்கும் வந்தது. கையைப் பேன்ட்டில் துடைத்த அந்த மூன்றாவது ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

"சார், ஒண்ணு கேட்கட்டுமா? இவங்கள்ல ஒருத்தருக்கு நிஜமாவே வியாதின்னு வந்தா வேலைய விட்டு எடுப்போமா?"

"சேச்சே. யாருங்க அப்படிச் சொன்னது? வைத்தியம் பார்த்துட்டு வரட்டும்."

"அதுக்கப்புறமும் கிரைண்டிங்ல வேலை பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னா?"

சுரேந்திரன் பேனாவை மேசையில் வைத்தார்.

"அது... அதைப் பத்தி நாங்க பேசலைங்க."

"அப்ப அந்தப் பதினொரு பேரும் நம்மளைச் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்காங்க சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே பகீரென்றது. மாத இ.எம்.ஐ. நினைவுக்கு வந்தது. சுரேந்திரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முக்கால் மணி நேரம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. கையை ஆட்டி யாரிடமோ வாதாடினார். திரும்பி வந்தபோது சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"வேற செக்‌ஷன்ல போட்டுக்கலாமுன்னு முடிவு பண்ணியாச்சுங்க. அந்த வரிய அப்படியே போடுங்க."

அன்றைக்குத்தான் எனக்கு என் தொழிலே விளங்கியது. ஒரு கடிதம் மழுப்பலாக இருந்தால் நாம் மொழியைக் குறை சொல்கிறோம். வாக்கியத்தைச் சின்னதாக்கு, சொல்லை எளிதாக்கு, படம் போடு என்று ஆயிரம் யோசனை. மொழி பாவம், அது என்ன செய்யும்? முடிவெடுக்க வேண்டியவர்கள் முடிவெடுக்கவில்லை. அந்த ஓட்டையை மறைக்கத்தான் நான் 'பயணம்', 'துணை' என்று திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். மங்களா ஒரே வரியில் அந்த ஓட்டையில் விரலை வைத்துவிட்டார். அந்த வரியை எழுத வேண்டுமென்றால் முதலில் அது உண்மையாக வேண்டும். உண்மையாக்க ஒருவர் போனை எடுத்தாக வேண்டும். ஆறு வரி எழுதும் ஒரு பெண்மணி ஒரு கம்பெனியை முடிவெடுக்க வைக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பதினொரு தாள்களையும் அவரே கையால் எழுதினார். ஒன்பது தெலுங்கில், இரண்டு ஹிந்தியில். கவர் கிடையாது. இரண்டாக மடித்து, ஆள் தனியாக இருக்கும்போது கையில் கொடுத்தார். யாதகிரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாராம். படித்தாரா, தெரியாது.

வியாழக்கிழமை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதரைக்கே மல்லாபூர் கேட்டில் போய் நின்றேன்.

வேன் வந்தது. ஒன்பதே முக்காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு மூன்று பேர் ஒன்றாக. எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்குப் பத்துப் பேர் வேனில் உட்கார்ந்திருந்தார்கள். யார் வரவில்லை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பத்து ஐந்து. டிரைவர் ஹாரன் அடித்தார். "கொஞ்சம் நில்லுப்பா" என்றார் மங்களா. பத்து பத்து. நான் பின்பக்க கேட்டுக்கு ஓடிப் பார்க்கட்டுமா என்றேன். "நக்கோ சார். துரத்தினா வரமாட்டாரு." அவர் முகத்தில் பதற்றமே தெரியவில்லை. ஆனால் கையில் இருந்த லிஸ்ட்டைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். அதற்குமேல் மடிக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது.

பத்தேகால். கேன்டீன் பக்கமிருந்து ஒரு ஆள் வேகமாக நடந்து வந்தார். ஒல்லியான உடம்பு. கையில் ஈரம். வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவர், மங்களாவிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் தெலுங்கில் சொன்னார்.

"கேன்டீன்ல உப்மா ஆக லேட்டாயிடுச்சு அக்கா. நீங்கதான் சாப்பிட்டுட்டு வரச் சொல்லியிருந்தீங்களே."

யாதகிரி வேனில் ஏறினார். மங்களா பின்னாலேயே ஏறிக் கதவைச் சாத்தினார்.

நான் கேட்டுக்கு வெளியே, நடு வெயிலில் நின்றேன். கண் கலங்கிவிட்டது. வயது ஐம்பது. கம்பெனி அடையாள அட்டை வேறு கழுத்தில் தொங்குகிறது. செக்யூரிட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வெயில் என்று நினைத்திருப்பார்.

பத்துப் பேருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. யாதகிரிக்கு டி.பி., ஆரம்ப நிலை. மாத்திரையிலேயே குணமாகும், நாள் தவறாமல் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் இருந்தவர்களையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் தொற்றவில்லை. "இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை அந்தக் கண்ணாடி விருதை ஒரு பையில் போட்டுக்கொண்டு மல்லாபூர் போனேன். உரியவரிடம் சேர்த்துவிட்டால் என் போட்டோ முகம் கொஞ்சம் தெளியுமல்லவா?

"நக்கோ சார், உங்க பேரு போட்டிருக்கு" என்றார் மங்களா.

"மேடம், இது உங்க எழுத்துக்கு..."

"எழுத்து என்ன சார் எழுத்து? நாலு பேர் சொன்னதை எழுதினேன்."

கட்டாயப்படுத்தி மேசையில் வைத்தேன். பார்த்தார். மின்விசிறிக் காற்றில் லீவுச் சீட்டுகள் பறந்துகொண்டிருந்தன. விருதை எடுத்து அவற்றின் மேல் வைத்தார். "ஹவ், நல்ல வெயிட்" என்றார். அவ்வளவுதான் விழா.

கிளம்பும்போது யாதகிரி எதிரே வந்தார். டாக்டர் அனுமதி கொடுத்து, இரண்டு வாரமாக ஸ்டோரில் வேலை பார்க்கிறார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மங்களாதான், "அந்தப் பெரிய கவர் அனுப்பின சார் இவர்தான்" என்று போட்டுக் கொடுத்தார்.

யாதகிரி மரியாதையாகக் கும்பிட்டார். செல்போன் கவருக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஆறு வரித் தாள். மடிப்புகளில் கிழிய ஆரம்பித்திருந்தது. "எப்பவும் கூடவே வெச்சிருக்கேன் சார். அக்கா கையெழுத்து போட்டிருக்காங்க இல்ல?"

ஆசை யாரை விட்டது? கேட்டுவிட்டேன். "என்னோட லெட்டர் என்ன ஆச்சு யாதகிரி?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "பிரிக்கவே இல்ல சார். பயமா இருந்துச்சு. ஆனா தூக்கிப் போடல. வீட்டுல ஃப்ரிட்ஜுக்கு ஒரு கால் குட்டை. ரொம்ப நாளா ஆடிக்கிட்டே இருந்துச்சு. உங்க கவர் நல்ல கெட்டி சார், சரியா உக்காந்துடுச்சு."

எப்படியோ... எட்டு வருடத்தில் முதல் முறையாக, என் எழுத்து ஒரு தொழிலாளி வீட்டில் எதையோ ஆடாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.